கஞ்சிக்கு வந்தவர்களா?

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு மலராசிரியர் என் அறைக்கு வந்தபோது, "வேதியியல் மாணவனிடம் என்ன இருக்கும்? சோதனைக் குழாயும் சூத்திரமுந்தானே!" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அவர் விடுவதாயில்லை. "உன் ஊரைப் பற்றியாவது எழுது" என்று கூறிச் சென்றார். ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தவன், ஊரிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு திருச்சபையின் வரலாற்றை எழுதி முடித்திருக்கிறேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதை அன்பர்கள் போகப் போகக் காண்பார்கள்.

என் ஊர் குடிபாலா. சித்தூரிலிருந்து வேலூருக்குப் போகும் சாலையில், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே இருக்கிறது. 1911 வரை சித்தூர்தான் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். அந்த ஆண்டில் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று; எங்கள் பகுதி இந்தப் பக்கமே நின்றது. இவ்வளவு நடந்த பிறகும் எங்கள் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கைகோத்துக்கொண்டுதான் வருகின்றன.

நாங்கள் அங்கே குடியேறியவர்கள். என் தந்தையார் ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எனக்கு ஏழு வயதாகும்போது குடிபாலாவுக்கு வந்து, பச்சைத் தோல் வாங்கி விற்கும் சிறு வியாபாரத்தைத் தொடங்கினார். தெலுங்கர்கள் தமிழை 'அரவம்' என்பார்கள். ஆகவே பள்ளியில் நான் 'அரவப் பையன்'. விடுமுறைக்கு ராணிப்பேட்டை போனால் அங்கே 'ஆந்திராக்காரன்'. அதோடு, தோல் வியாபாரியின் மகன் என்றால் மூக்கைச் சுளிப்பவர்கள் இரு பக்கத்திலும் உண்டு. ஒட்ட வைக்கும் பெயர்ச்சீட்டு எப்படிப்பட்டது என்பது எனக்குச் சிறு வயதிலேயே தெரியும்.

விடுதியில் என் அறைத்தோழர் ஓங்கோல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர், பாப்டிஸ்ட் சபையினர். ஒருநாள் உணவுக்கூடத்தில் சாம்பார் நீர்த்திருப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒருவர் சிரித்துக்கொண்டே அவரைப் பார்த்து, "உனக்கென்னப்பா, உங்கள் பாட்டன் கஞ்சிக்கே மதம் மாறியவர்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நண்பர் பதில் சொல்லவில்லை. கை கழுவிவிட்டுப் போய்விட்டார். இரவில் நான் கேட்டபோது, "நீ விஞ்ஞானம் படிக்கிறவன். 1876இலிருந்து 1878 வரை என்னென்ன நாளில் என்னென்ன நடந்தது என்று நீயே பார். பிறகு பேசுவோம்" என்று மட்டும் சொன்னார்.

பார்த்தேன். இரண்டு மாதம் நூலகத்திலும், சங்கராந்தி விடுமுறையில் அவருடைய ஊரிலும் பார்த்தேன். பார்த்தவற்றை இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

ஒற்றை விண்மீன்

எங்கள் சித்தூர்ப் பக்கத்துப் பழைய சபைகள் பல, ஸ்கடர் குடும்பத்தார் 1853இல் நிறுவிய ஆர்க்காடு மிஷனின் வழிவந்தவை. பாப்டிஸ்ட் மரபு வேறு. அறியாப் பருவக் குழந்தைக்கு அவர்கள் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விவரம் தெரிந்த ஒருவர் தாமே முன்வந்து, தம் வாயாலேயே தம் நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். அதன் பிறகே அவரை நீரில் முழுவதும் முழுக்குவர். ஆறோ குளமோ போதும். "நானே வந்தேன்" என்று சொல்வதுதான் இந்தச் சபையில் நுழைவாயில் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கேள்விக்கு அது வேண்டியிருக்கும்.

அமெரிக்க பாப்டிஸ்டுகளின் தெலுங்கு மிஷனைத் தொடங்கியவர் சாமுவேல் டே. 1836இல் இந்தியாவுக்கு வந்தவர், விசாகப்பட்டினம், சென்னை எனச் சில ஆண்டு அலைந்து, 1840இல் நெல்லூரில் கால் ஊன்றினார். ஊன்றினாரே தவிர, பயிர் முளைக்கவில்லை. ஆண்டுகள் பல சென்றும் சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பணம் வீணாகிறது, மூடிவிடுவோம் என்ற பேச்சு அமெரிக்காவில் மீண்டும் மீண்டும் எழுந்தது. 1853இல் ஆல்பனி நகரில் கூடிய கூட்டத்தில், வரைபடத்தில் தன்னந்தனியே ஒரு விண்மீனாய்க் குறிக்கப்பட்டிருந்த நெல்லூரைக் காட்டி ஒருவர் பேச, சாமுவேல் ஸ்மித் என்ற போதகர் அன்றிரவே அந்த 'ஒற்றை விண்மீனை'ப் பற்றி ஒரு கவிதை எழுதினாராம். கவிதை கூட்டத்தாரின் மனத்தை மாற்றியது, மிஷன் பிழைத்தது. கவிதையால் காசு வராது என்பார்க்கு இஃது ஒரு விடை!

மறு ஆண்டு, 1854 சனவரி முதல் நாள் விடியலில், லைமன் ஜூவெட் என்ற மிஷனெரியும் அவர் மனைவியாரும் தெலுங்குக் கிறிஸ்தவர் மூவரும் ஓங்கோல் நகரை ஒட்டிய குன்றின்மேல் ஏறி, இவ்வூருக்கு ஓர் ஊழியரை அனுப்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். இன்றும் அது ஜெபக்குன்று என்றே வழங்குகிறது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1866இல், அந்த ஊருக்கு வந்து தங்கியவர் ஜான் கிளஃப். இளமையில் அமெரிக்காவில் நில அளவையாளராக வேலை பார்த்தவர். இந்தச் செய்தியையும் நினைவில் வையுங்கள். 1867 சனவரி முதல் நாள் ஓங்கோல் சபை அமைந்தபோது அதன் உறுப்பினர் எட்டே பேர்.

தோலின் அருமை

இந்த இடத்தில் துரைமார்களைச் சற்று நிறுத்திவிட்டு, ஒரு தோல் வியாபாரியைப் பார்ப்போம். யெர்ரகுண்ட்ல பேரய்யா என்பது அவர் பெயர். ஓங்கோலுக்கு மேற்கே தாள்ளகொண்டபாடு என்ற சிற்றூரினர். மாதிக வகுப்பைச் சேர்ந்தவர்; பச்சைத் தோல் வாங்கி விற்பது தொழில். மிஷனெரிகளைக் காண்பதற்கு முன்பே யோக குருக்களை நாடிச் சென்று, கடவுள் யார் என்று தேடித் திரிந்தவர். 1866இலேயே தம் மனைவியாருடன் ஞானஸ்நானம் பெற்றுவிட்டார். பிறகு ஊர் ஊராக நடந்து, தம் சுற்றத்தாரிடம் தாமே பேசினார். 1867 சனவரியில் கிளஃப் அந்த ஊர்ப் புளியந்தோப்பில் கூடாரமடித்தபோது 28 பேர் காத்திருந்து சேர்ந்தார்கள். ஆக, அந்த வட்டாரத்தின் முதல் உபதேசியார் கடல் கடந்து வந்தவர் அல்லர். தோல் மூட்டை சுமந்தவர். என் தந்தையாரின் தொழில்காரர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை.

மாதிகர் செய்த தொழிலைப் பற்றி வேதியியல் மாணவன் என்ற முறையில் ஒரு சொல். உரித்த தோல் இரண்டொரு நாளில் அழுகிவிடும். அதைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்தால் மயிர் கழன்று, இழைகள் நெகிழும். பிறகு ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்தால், பட்டையிலுள்ள துவர்ப்பொருள் தோலின் கொலாஜன் இழைகளோடு பிணைந்துகொள்ளும். அதன்பின் நுண்ணுயிர்களால் அதை எளிதில் சிதைக்க முடியாது. ஈராண்டு வகுப்பில் உட்கார்ந்து நாம் படிக்கும் இந்தப் பிணைப்பை, தொட்டியருகே நின்று, கையால் தொட்டு, நாவால் சுவைத்து, தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருந்தார்கள் அவர்கள். கிணற்றிலிருந்து நீர் இறைக்கத் தோற்சால், மாட்டுக்கு வார், உழவன் காலுக்குச் செருப்பு, எல்லாம் அவர்கள் கைவேலை. அவர்கள் தைத்த சாலில் நீர் வந்தால்தான் வயலில் நெல் விளையும். ஆனால் அதே கிணற்றை அவர்கள் தொடக்கூடாது! ஊர்த் திருவிழாவில் அவர்கள் 'டப்பு' அடித்தாக வேண்டும். டப்பு என்பது நம் பறை. செத்த மாட்டை அப்புறப்படுத்த வேண்டும். அதன் இறைச்சியே அவர்களுக்குக் கூலியின் ஒரு பகுதி.

ஓங்கோல் சபையில் சேர்ந்தவர்களுக்கு மூன்று கட்டளைகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது. செத்த விலங்கின் இறைச்சியை உண்ணக்கூடாது. சிலைகளை வணங்கக்கூடாது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இவை மதக் கட்டளைகள். கிராமத்தின் கணக்கில் வைத்துப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் "இன்று வரமாட்டேன்" என்று பண்ணையாரிடம் சொல்ல வேண்டும். செத்த மாட்டைக் கூலியாக ஏற்கமாட்டேன் என்று சொல்ல வேண்டும். தேருக்கு முன்னே டப்பு அடிக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும். மூன்றும் சேர்ந்தால் ஊரின் அடித்தளமே ஆடிவிடும். ஆடியது. வேலை மறுத்தார்கள், பொதுப் பாதையையும் நீரையும் தடுத்தார்கள், அடித்தார்கள், பொய் வழக்குப் போட்டார்கள். இலாபத்துக்காகச் சேர்ந்தவர்கள் என்றால், இந்த இலாபத்தை எந்த ஏட்டில் எழுதுவது?

இன்னொன்று. ஓங்கோலில் கிளஃப் நடத்திய பள்ளிக்கு முதலில் வந்தவர்கள் மேல்சாதிப் பிள்ளைகள். மாதிகரைச் சேர்த்தால் நாங்கள் விலகிவிடுவோம் என்று அவர்கள் எச்சரித்தார்கள். அன்றிரவு கணவரும் மனைவியும் தனித்தனியே வேதத்தைத் திறந்து, இருவரும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஒரே பகுதியைப் படித்ததாகக் கிளஃப் குடும்பத்தார் எழுதியிருக்கிறார்கள். உலகம் தாழ்வாக எண்ணுவோரைப் பற்றிய பகுதி அது. தற்செயலோ அன்றோ, முடிவு மாதிகர் பக்கம் சாய்ந்தது. மேல்சாதிப் பிள்ளைகள் போய்விட்டார்கள். சபை தோலினர் சபையாயிற்று. இப்படியே நாள் செல்ல, பஞ்சம் தொடங்குமுன்பே சபையார் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டனர் என்பதை அன்பர்கள் குறித்துக்கொள்க.

பஞ்சமும் கால்வாயும்

1876இல் மழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோரைக் கொன்றது. நம் வட ஆர்க்காடும் தப்பவில்லை. நிவாரண வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் விதித்த கூலி, வரலாற்றில் கெட்ட பெயரோடு நிலைத்துவிட்டது.

அப்போது ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். மயிலாப்பூரை ஒட்டி ஓடிக் கறுத்துக் கிடக்கிறதே, அந்தப் பக்கிங்காம் கால்வாய் அவர் பெயரைத் தாங்கியதுதான். ஆந்திரக் கடற்கரையிலிருந்து சென்னை வழியாக மரக்காணம் பக்கம் வரை போகும் அந்த நீர்வழியின் ஒரு பகுதியைப் பஞ்சகால வேலையாக வெட்டினார்கள். நில அளவை தெரிந்த கிளஃப், அதில் மூன்று மைலுக்கு மேற்பட்ட ஒரு துண்டை ஒப்பந்தத்துக்கு எடுத்தார். உபதேசியார்களே மேற்பார்வையாளர்கள். கூலி சரியாகக் கைக்கு வந்தது. வேலைக்கு வந்தவரைச் சாதி சொல்லி விரட்டவில்லை. கூடை சுமந்து களைத்தவர்கள் நிழலில் உட்கார்ந்தபோது உபதேசியார்களும் உடன் உட்கார்ந்து பேசினார்கள்.

மதம் மாற்றுவதற்கு இதைவிட வாய்ப்பான காலம் உண்டா? கையில் கூலி, எதிரே பசி. ஆனால் நாள்குறிப்புகள் சொல்வது வேறு. ஏறத்தாழப் பதினைந்து மாதங்கள் கிளஃப் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கேட்டு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார். பசிக்கும் நம்பிக்கைக்கும் முடிச்சுப் போட்டுவிடுவார்கள் என்ற அச்சம் அவருக்கே இருந்தது. நிவாரணப் பணம் தீர்ந்து, உதவி நின்ற பின்னரும் கேட்டு வருவோர் கூட்டம் நிற்கவில்லை. ஓங்கோலில் கொள்ளைநோய் அச்சம் இருந்ததால், நகருக்கு வடக்கே குண்டலகம்மா ஆற்றங்கரையில் வெல்லம்பள்ளி என்ற இடத்துக்கு வரச் சொன்னார்கள். அங்கேயும், கொடுக்க ஒன்றுமில்லை, திரும்பிப் போங்கள் என்றே சொல்லப்பட்டது. எங்களுக்கு உதவி வேண்டாம், சேர்த்துக்கொண்டால் போதும் என்றார்களாம் வந்தவர்கள்.

1878 சூலை 2ஆம் நாள் 614 பேர். 3ஆம் நாள் 2,222 பேர். 4ஆம் நாள் 700 பேர். மூன்று நாளில் 3,536. அந்த ஆண்டின் முடிவுக்குள் 9,606.

கணக்குப் போட்டுப் பார்த்தேன்

2,222 என்ற எண்ணைக் கண்டதும், விஞ்ஞான மாணவனுக்கு இயல்பான ஐயம் வந்தது. ஒரே நாளில் முடியுமா? அன்று ஆற்றில் நின்றவர்கள் குருப்பட்டம் பெற்ற தெலுங்கு உபதேசியார் ஆறு பேர். ஒரே சமயத்தில் இருவர் இறங்குவர். களைத்தால் அடுத்த இருவர். கிளஃப் அன்று ஒருவருக்கும் கொடுக்கவில்லை. காலையும் மாலையுமாக ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் நடந்தது. ஒருவர் பங்குக்கு 1,111 பேர். 32,400 வினாடியை 1,111ஆல் வகுத்தால் ஆளுக்கு 29 வினாடி. இறங்க, பெயர் சொல்ல, முழுக, எழ, அரை நிமிடம். முடியும்! வினாத்தாள்களில் நான் கண்ட சில கணக்குகளைவிட நேர்மையான கணக்கு.

அந்த அரை நிமிடத்தில் பெரிதாக என்ன நிகழ்ந்துவிடும் என்று கேட்கலாம். என் மனத்தில் நிற்பது ஒன்றே. முன்கூட்டியே விசாரித்து, ஒவ்வொருவர் பெயரையும் எழுதி வைத்திருந்தார்கள். ஊரில் 'ஏய்' என்றும் 'ஒரேய்' என்றும் அழைக்கப்பட்ட மனிதனின் பெயரை, நூற்றுக்கணக்கானோர் கேட்க, மரியாதையாக ஒருவர் படித்தார். அவன் தன் காலால் நடந்து நீரில் இறங்கினான்.

சான்றின் மறுபக்கத்தையும் வைப்பதுதான் முறை. இந்தச் செய்திகளை எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் மிஷனைச் சேர்ந்தவர்கள். மாதிகப் பெரியவர்களின் கதைகளைக் கேட்டு 1899இல் ஒரு நூலாக்கிய எம்மா கிளஃப் அம்மையாரும் அந்தக் குடும்பத்தவரே. பஞ்சத்துக்கும் இந்தப் பெருக்கத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் வாதிடப் போவதில்லை. பஞ்சம், யார் தங்களை மனிதராக நடத்தினார்கள் என்பதை அந்த மக்களுக்குக் காட்டியது. அதைக் கண்டு ஒருவன் ஒரு பக்கம் சேர்ந்தால் அதற்கு விலைபோதல் என்று பெயரா? நம்பிக்கை என்று பெயரா?

ஓர் ஒப்பீட்டுச் சோதனை

விஞ்ஞானத்தில் ஒரு காரணத்தை நிலைநாட்ட ஒப்பீட்டுச் சோதனை வேண்டும். கஞ்சிதான் காரணம் என்றால், கஞ்சி ஊற்றிய இடமெல்லாம் கூட்டம் சேர்ந்திருக்க வேண்டும். அப்படி ஓரிடம் தமிழ்நாட்டிலேயே உண்டு. அதுவும் பாப்டிஸ்ட் மிஷனே.

கொல்லிமலையில் 1913இல் குடியேறியவர்கள் ஜெசி பிராண்டும் அவர் துணைவியார் ஈவ்லினும். சேந்தமங்கலத்திலிருந்து மலையேறியவர்கள். மருந்து கொடுத்தார்கள், பள்ளி வைத்தார்கள், தச்சு வேலை கற்பித்தார்கள். ஆண்டுகள் சென்றும் மலைவாழ் மக்களில் ஒருவரும் சேரவில்லை. மலைக்கோயில் பூசாரி ஒருவர் கடுமையாக எதிர்த்தார். 1918இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தது. பிராண்ட் தம்பதியர் பானை பானையாக அரிசிக் கஞ்சி காய்ச்சி, வீடு வீடாகச் சுமந்து போய் ஊற்றினார்கள். நம் கேள்விக்கென்றே அமைந்தாற்போன்ற நிகழ்ச்சி! கூட்டம் சேர்ந்ததா? இல்லை. ஒரே ஒரு மனிதர் மனம் மாறினார். அதே பூசாரி. காய்ச்சலில் சாகுந்தறுவாயில், தம் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். அதன் பிறகே ஒருவர் இருவராகச் சிறு கூட்டம் சேர்ந்தது. 1929இல் கருநீர்க் காய்ச்சலால் ஜெசி பிராண்ட் அந்த மலையிலேயே இறந்தார். ஈவ்லின் அம்மையார் முதுமையிலும் மலைகளை விடாமல் உழைத்து, 1974இல் 95ஆம் வயதில் மறைந்தார். அவர்கள் மகன் பால் பிராண்ட்தான் வேலூர் மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தியவர். குடிபாலாவிலிருந்து வைத்தியத்துக்கு வேலூர் போகும் எங்களுக்கு அந்தப் பெயர் புதிதன்று.

இரண்டு இடத்திலும் கஞ்சி உண்டு. ஓர் இடத்தில் ஆயிரக்கணக்கானோர். மற்றோர் இடத்தில் ஒரு பூசாரி. ஆகவே வேறுபாடு கஞ்சியில் இல்லை. ஓங்கோலில் பேரய்யா போன்றோர் பத்தாண்டுக் காலம் நடந்த நடை இருந்தது. சுற்றம் சுற்றத்தை அழைத்தது. ஊரின் காலடியில் கிடந்தவனுக்கு எழுந்து நிற்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. மலையில் தம் நிலத்தைத் தாமே உழுது வாழ்ந்தவர்களுக்கு அந்தத் தேவை அவ்வளவு இல்லை. இஃது என் ஊகம். மறுப்போர் மறுக்கலாம், சான்றோடு மறுக்க வேண்டும், அவ்வளவே.

ஆற்றங்கரைச் சிற்றூரில்

சங்கராந்தி விடுமுறையில் நண்பரோடு திருப்பதியில் இரயிலேறி, கூடூர், நெல்லூர் வழியாக ஓங்கோலில் இறங்கி, அவருடைய ஊருக்குப் போனேன். ஊருக்குப் புறத்தே தனியாக இருக்கிறது அவர்கள் பல்லெ. நடுவில் வெள்ளையடித்த சிறிய ஆலயம். மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு வேப்பமரத்தில் தொங்குகிறது. ஞாயிறு காலை பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமும் பாயில் உட்கார்ந்து பாடினார்கள். தெலுங்குக் கீர்த்தனை, மெட்டு நம் பஜனைப் பாட்டை ஒத்திருந்தது. ஓர் ஆச்சரியம், பாட்டுக்குத் தாளமாக டப்பு ஒலித்தது. ஒரு காலத்தில் எதை அடிக்க மாட்டோம் என்று அடிபட்டார்களோ, அதையே இன்று தங்கள் விருப்பத்தால், தங்கள் வீட்டுக்குள் அடிக்கிறார்கள். கட்டாயம் போனபின் கலை மட்டும் மிஞ்சியது.

நண்பரின் பாட்டியார் என்னைப் பார்த்து, "அரவப் பிள்ளையா? சாப்பாட்டுக்குப் புளிக்குழம்பு வைக்கச் சொல்லவா?" என்று கேட்டார்கள். எத்தனையோ பேர் வாயில் கேட்ட 'அரவம்' அவர்கள் வாயில் இனித்தது. நான் ஆற்றங்கரைக் கதையைக் கேட்டேன். அவர்கள் பாட்டனாரின் தகப்பனார் அன்று ஆற்றில் இறங்கியவராம். நாளும் எண்ணும் அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த ஆண்டுத் திருவிழாவுக்கு டப்பு அடிக்காததால் ஊரார் ஆறு மாதம் வேலை தரவில்லை என்பதும், அவர் ஓங்கோல்வரை நடந்து போய்ச் செருப்பு விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார் என்பதும் தெரிந்திருந்தது. உணவுக்கூடத்துப் பேச்சை நண்பர் சொல்லிவிட்டார் போலும். பாட்டியார் சிரித்தார்கள். "கஞ்சிக்கு வந்தவன் கஞ்சி தீர்ந்ததும் போயிருக்க வேண்டுமே, அப்பா! நாங்கள் இன்னும் இங்கேதானே இருக்கிறோம்" என்றார்கள். இரண்டு மாதம் நூலகத்தில் நான் தேடிய முடிவை, வெற்றிலை மடித்துக்கொண்டே சொல்லிவிட்டார்கள்!

குறையே இல்லாத சபை என்று சொல்லமாட்டேன். ஓங்கோல் சபை 1880களின் தொடக்கத்தில் இருபதாயிரம் பேரைத் தாண்டி, உலகின் மிகப் பெரிய பாப்டிஸ்ட் சபை என்று பெயர் பெற்றது. ஆனால் பெரும்பாலும் ஒரே வகுப்பாரின் சபையாகவே நின்றுவிட்டது. மாலரும் மாதிகரும் ஒரே பாயில் உட்காரத் தயங்கிய இடங்கள் கிறிஸ்தவத்துக்குள்ளும் உண்டு. துரைமார் கையிலிருந்த பொறுப்பு நம்மவர் கைக்கு முழுமையாக வர நெடுங்காலம் ஆயிற்று. தெலுங்கு பாப்டிஸ்ட் சபைகளின் சமாவேசம் அமைந்தது 1962இல்தான். இவற்றையெல்லாம் நண்பரே என்னிடம் வெளிப்படையாகச் சொன்னார்.

இரண்டு பெயர்கள்

அந்த ஊரில் நான் கண்ட மற்றொன்று, நம்மைப் போன்ற மாணவர்கள் கருதிப் பார்க்க வேண்டியது. சிலருக்கு இரண்டு பெயர்கள். பள்ளிச் சான்றிதழில் ஒன்று. சபைப் பதிவேட்டில் ஒன்று. காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியினர் என்ற தகுதி இந்துக்களுக்கே உரியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் சேரவில்லை. ஆந்திரத்தில் மதம் மாறிய பட்டியல் சாதியினரைப் பிற்பட்டோர் 'சி' பிரிவில் வைத்து, நூற்றுக்கு ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இவர்களையும் பட்டியலில் சேர்க்கலாமா என்று ஆராய 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது.

எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் சட்டம் படித்தவன் அல்லன். ஆனால் ஒன்று தெரிகிறது. மதம் மாறினால் தீண்டாமை போய்விடும் என்று ஏடு சொல்கிறது. பல்லெயோ இன்றும் ஊருக்கு வெளியேதான் இருக்கிறது. என் நண்பர் சபைப் பெயரையே சான்றிதழிலும் வைத்துக்கொண்டார். அதனால் நூற்றுக்கு ஒன்று என்ற வரிசையில் நின்றார். முதல் முறை இடம் கிடைக்கவில்லை. ஓராண்டு காத்திருந்து, மறுமுறை எழுதி, இங்கே வந்தார். கஞ்சிக்காகப் பெயரை மாற்றிக்கொள்ளும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இருந்திருந்தால், அந்த ஓராண்டை அவர் இழந்திருக்க வேண்டியதில்லை. நான் கண்ட சான்றுகளில் இதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மொழி வேறானவர் நடுவே வாழும் தமிழ் மாணவர்கள் நாம். நம்மைப் பற்றியும் ஒரே சொல்லில் முடித்துவிடும் பேச்சுகளை நாள்தோறும் கேட்கிறோம், கேட்டு வருந்துகிறோம். அந்த வருத்தம் நமக்கு ஒரு கடமையையும் தருகிறது. பிறர்மேல் ஒட்டப்பட்ட சீட்டைக் காணும்போது, அதன் பின்னால் உள்ள ஆண்டையும் நாளையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். சித்தூர், குடிபாலா, புத்தூர், நகரி என்று எல்லையோர ஊர்களிலிருந்து வந்தவர்கள் நம்மில் பலர். அந்த ஊர்களில் கோயில் உண்டு, மசூதி உண்டு, சபை உண்டு, நெசவுக் கூடம் உண்டு, தோல் மண்டி உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பழைய கணக்கேடோ பதிவேடோ பரணில் கிடக்கும். யார் எப்போது வந்தார்கள், என்ன கொடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பதெல்லாம் அவற்றில் பெயர் பெயராக இருக்கும். அடுத்த விடுமுறையில் ஆளுக்கு ஓர் ஏட்டைப் பிரித்துப் படித்து, பாட்டிமாரைக் கேட்டு, எழுதிக் கொண்டு வருவோம். மலரின் அடுத்த இதழுக்கு அது போதும். கரையான் முந்துவதற்குள் நாம் முந்த வேண்டும்.